வழுவும் வழுவமைதியும்

கணினி விளையாட்டைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். விலைவாசியும் வேலையின்மையும் காணிப் பிரச்சினையும் வாசலில் வந்து நிற்கும் நாட்டிலே, இளைஞரின் பொழுதுபோக்கில் நேரும் பழுதொன்றை எடுத்து வைத்து அறவிசாரம் செய்வது வேலையற்ற வேலை என்றே அவர்களுக்குத் தோன்றும். அக்கூற்றில் ஓரளவு நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், மாணவர் விடுதிகளில் மாலை வேளைகளில் நடப்பதை நேரிற் காண்பவர்கள் இதனை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட மாட்டார்கள். விளையாடுவதற்கென்று கணினியின் முன் அமர்ந்த மாணவன் அங்கே விளையாடிக்கொண்டிருக்கவில்லை. அவன் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகிறது. திரை உறைகிறது, ஒலி ஒரே சுரத்தில் இழுபடுகிறது, பின்னர் எல்லாம் மறைந்து வெறும் மேசைத்திரை எஞ்சுகிறது. நிரல் இயங்குவது நின்றுவிட்டது என ஓர் அறிவிப்பு வருகிறது. அதனை மூடினால் மீண்டும் அதே அறிவிப்பு. ஆட்டத்தை மறுபடி திறந்தால், நேற்றும் முந்தாநாளும் காட்டிய வரவேற்புகளையும் புதுப்பித்தற் செய்திகளையும், அவன் முன்னரே வாசித்து முடித்த எச்சரிக்கைகளையும், முதன்முதலாகச் சொல்வதுபோல் வரிசையாகக் காட்டுகிறது. உதவிப் பக்கங்கள் அவனுக்கு வேலை கொடுக்கின்றன. வரைகலை அட்டையின் இயக்கியைப் புதுப்பி. கோப்புகள் முழுமையாக உள்ளனவா என்று சரிபார். பின்னணியில் ஓடும் மற்ற நிரல்களை நிறுத்து. படத்தின் தரத்தைக் குறை. காற்றாடியில் தூசி அடைத்திருக்கிறதா பார். ஒன்றுக்கும் சரிவராவிட்டால் அனைத்தையும் அழித்துவிட்டு மீண்டும் நிறுவு. இந்தக் கடைசி யோசனையைச் சொல்பவர்கள் அளவில்லா இணைய வசதியுள்ள நாடுகளில் இருப்பவர்கள். பொதி வாங்கித் தரவைக் கிள்ளிக் கிள்ளிச் செலவிடும் நம் மாணவனுக்கு, ஐம்பது ஜிகாபைட்டை மறுபடி இறக்குவது ஒரு மாதச் செலவை மறுபடி செய்வதாகும்.

மூன்று மணி நேரம் இவ்வாறு கழிகிறது. அவன் செய்தது உழைப்பு என்பதில் ஐயமில்லை. அது யாருக்காகச் செய்யப்பட்ட உழைப்பு, அதனைச் செய்யும் கடமை அவனுடையதுதானா என்பதே நாம் எழுப்ப விரும்பும் வினா. அதனோடு பின்னியிருக்கும் இன்னொரு வினாவும் உண்டு. ‘நாம் சொல்லிவிட்டோம்’ என்று ஓர் அறிவிப்பைக் காட்டிவிட்டால், காட்டியவரின் பொறுப்பு அவ்வளவில் முடிந்துவிடுகிறதா?

முதலில் பழுதின் இயல்பை அறிந்துகொள்வது நல்லது. பொருளின் இயல்பை அறியாது அறம் பேசுவது எமது மேடைகளில் போதியளவு நடக்கிறது. ஒரு நிரல் திடீரென முறிந்து விழுவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றிற் பெருவழக்கானது நினைவகம் பற்றியது. ஒவ்வொரு நிரலுக்கும் இயங்குதளம் நினைவகத்தில் ஓர் இடத்தை ஒதுக்குகிறது. எழுதியவரின் கவனப் பிசகினால் நிரல் தனக்குரிய எல்லையைத் தாண்டி வேறோர் இடத்தைத் தொடுமானால், இயங்குதளம் அதனை அக்கணமே கொன்றுவிடுகிறது. கணினி முழுவதும் குழம்பாதிருக்கும் பொருட்டுச் செய்யப்படும் காவல் அது. ஆகவே நாம் பழிக்கும் அந்த முறிவு ஒருவகையில் நேர்மையான செயல் என்றே சொல்ல வேண்டும். நில்லாமல் ஓடிக்கொண்டு, பிழையான விடையைச் சரியான விடைபோலத் தரும் நிரலே இதனிலும் கொடியது.

திரும்பத் திரும்ப வரும் அறிவிப்புக்கும் இம்முறிவுக்கும் பெரும்பாலும் தொடர்புண்டு. ஒரு செய்தியைக் காட்டியாயிற்று என்பதை நிரல் எங்கேனும் குறித்து வைக்க வேண்டும். பல நிரல்கள் அக்குறிப்பை ஒழுங்காக மூடப்படும் வேளையிலேயே வட்டில் எழுதுகின்றன. ஒழுங்காக மூடப்படாமல் நடுவழியில் முறிந்து விழுந்தால் குறிப்பு எழுதப்படுவதில்லை. அடுத்த முறை எழும்போது, தான் சொன்னது அதற்கு நினைவில்லை. எனவே முதலிலிருந்து சொல்லத் தொடங்குகிறது. மறதியுள்ள முதியவர் ஒருவர் ஒரே செய்தியைப் பத்துமுறை சொன்னால் நாம் பொறுமையோடு கேட்கிறோம். அவரிடம் எமக்கு அன்பும் கடமையும் உண்டு. காசு வாங்கிக்கொண்டு விற்கப்பட்ட பண்டத்திடம் அப்படியொரு கடமை எமக்கு எங்கிருந்து வந்தது?

நன்னூலார் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தினைச் சொன்னார். அவற்றிலே குன்றக் கூறல் ஒன்று. கூறியது கூறல் ஒன்று. நின்று பயனின்மை இன்னொன்று. ‘பழுது ஏற்பட்டது’ என்று மட்டும் சொல்லி என்ன பழுது என்று சொல்லாத அறிவிப்பு, அதனையே ஏழுமுறை சொல்லி, ஏழுமுறையும் ஒரு பயனும் தராது போகிறது. மூன்று குற்றங்களையும் ஒரு சிறு சாளரத்துக்குள் அடக்கிய சாமர்த்தியத்தை அப்புலவர் கண்டிருந்தால் உதாரணமாக எடுத்தாண்டிருப்பார்.

பழுது பார்த்தலின் சிறப்பை நாம் குறைத்துச் சொல்ல வரவில்லை. அது விஞ்ஞான முறையின் நல்லதொரு பயிற்சி. ஜோன் ஸ்ருவேட் மில் 1843இல் வெளியிட்ட அளவையியல் நூலில், காரணத்தைக் கண்டறியும் வழிகளுள் ஒன்றாக வேற்றுமை முறையை விளக்கினார். இரண்டு நிலைமைகள் ஒன்றைத் தவிர மற்றெல்லாவற்றிலும் ஒத்திருக்க, ஒன்றில் விளைவு தோன்றி மற்றையதில் தோன்றாவிடின், வேறுபட்ட அந்த ஒன்றே காரணம் அல்லது காரணத்தின் பகுதி எனக் கொள்ளலாம் என்பது அதன் சாரம். ஒரு நேரத்தில் ஒன்றை மாத்திரம் மாற்று என்று அனுபவசாலிகள் சொல்வது இதனையே. விளையாட்டில் இருபது துணைச் சேர்ப்புகளை நிறுவியவன் பத்தை நீக்கிப் பார்க்கிறான்; முறிவு நின்றால் குற்றவாளி நீக்கிய பத்தில் உளது; அதில் ஐந்தை மீளச் சேர்க்கிறான். இப்படி ஐந்தே சுற்றில் இருபதிலிருந்து ஒன்றுக்கு வந்துவிடலாம். எமது ஆய்வுகூடங்களில் உப்புப் பரிசோதனையை மனனஞ் செய்து ஒப்புவிக்கும் மாணவன், இங்கே தானாகவே பரிசோதனையை வகுக்கிறான். ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் ஒரு வேலையிலிருந்து கல்வி கிடைக்கிறது என்பது அந்த வேலையை ஒருவன் தலையில் கட்டியதற்கு நியாயமாகிவிடாது. ஓட்டைப் படகை விற்றவன், ‘வாங்கியவன் நீந்தப் பழகினானே’ என்று பெருமை பேசலாகாது. தானே விரும்பி ஒரு யந்திரத்தைக் கழற்றிப் பார்ப்பவனும், விலைகொடுத்த பின்னும் வேறு வழியின்றிக் கழற்றுபவனும் ஒரே செயலைச் செய்யினும் ஒரே நிலையில் இல்லை.

இனி எச்சரிக்கையின் விடயத்துக்கு வருவோம். இதிலே வரலாறு எமக்கு இரண்டு நிகழ்ச்சிகளைத் தந்திருக்கிறது. இரண்டிலும் கணினி திரும்பத் திரும்ப ஓர் எண்ணைக் காட்டியது. முடிவுகள் மாத்திரம் வேறு.

1969 யூலை 20ஆந் திகதி, அப்பலோ 11 விண்கலத்தின் இறங்குகலம் சந்திரனை நெருங்கியபோது அதன் கணினி 1202 என்ற அபாய அறிவிப்பைப் பலமுறை எழுப்பிற்று. அது என்னவென்று கலத்திலிருந்த இருவருக்கும் தெரியாது. ஹூஸ்டன் நகரிலிருந்த கட்டுப்பாட்டு நிலையத்தில், 24 வயதுடைய ஜாக் கார்மன் என்ற பொறியியலாளரிடம் அபாய எண்கள் ஒவ்வொன்றுக்கும் பொருளும் செய்ய வேண்டியதும் கைப்பட எழுதிய தாளொன்று இருந்தது. சில நாட்களுக்கு முன் நடந்த ஒத்திகையில் அத்தகையதோர் எண் தோன்றி, தேவையில்லாமல் இறக்கத்தைக் கைவிட நேர்ந்தது. அதன் பின்னரே அத்தாள் எழுதப்பட்டது. கணினிக்கு வேலைப்பளு மிகுந்துவிட்டது, முக்கியமற்ற வேலைகளை உதறிவிட்டு முக்கியமானவற்றைத் தொடர்கிறது என்பதே 1202இன் பொருள். இறங்கலாம் என்று சொன்னார்கள். இறங்கினார்கள்.

மற்றையது தெரக்-25 எனப்படும் கதிர்ச்சிகிச்சை இயந்திரத்தின் கதை. கனடாவின் அரச அணுசக்தி நிறுவனம் ஆக்கிய இவ்வியந்திரம், 1985க்கும் 1987க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளர்மீது மிதமிஞ்சிய கதிர்வீச்சைப் பாய்ச்சிற்று. அவர்களிற் சிலர் அதனாலேயே மாண்டனர். இயந்திரம் அடிக்கடி ‘கோளாறு’ என்ற சொல்லோடு ஓர் எண்ணைத் திரையிற் காட்டும். இயக்குபவருக்குக் கொடுத்த கைநூலில் அவ்வெண்களுக்கு விளக்கமில்லை. ஒரு விசையை அழுத்தினால் சிகிச்சை தொடரும். அவ்வாறு ஐந்து முறைவரை தொடரலாம். ஒரு நிலையத்தில் சில நாட்களில் நாற்பது தடவையளவில் அத்தகைய அறிவிப்புகள் வந்தனவாம். நாற்பதும் தீங்கில்லாதவை. அப்படியானால் நாற்பத்தோராவது தடவை ‘கோளாறு 54’ என்று வரும்போது, அந்த விசையை அழுத்திய தாதியையோ தொழில்நுட்பரையோ எப்படிக் குற்றஞ் சாட்டுவது? புலி வருகிறது என்று கூவிய சிறுவனின் கதையைச் சொல்லித் தருகையில் பொய் சொன்ன சிறுவனுக்குப் புத்தி சொல்கிறோம். இங்கே கூவியது சிறுவன். மேய்ப்பர்களைத் தண்டித்தது உலகம்.

அவ்வியந்திரத்தின் வழு எவ்வாறு பிடிபட்டது என்பதும் நினைக்கத்தக்கது. டெக்சாஸ் மாநிலத்து ரைலர் நகர மருத்துவமனையில் 1986இல் இரண்டு விபத்துகள் நடந்தன. முதலாவதன் பின் ஆக்கிய நிறுவனத்தின் பொறியியலாளர் வந்து பார்த்தும் ஒன்றும் தென்படவில்லை. இரண்டாவதன் பின், அம்மருத்துவமனையின் பௌதிகவியலாளரும் இயந்திரத்தை இயக்கிய பெண்ணும் அமர்ந்து, அன்று செய்தவற்றையெல்லாம் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தனர். பழகிய கையின் வேகத்தில் தரவுகளைத் திருத்தும்போது மாத்திரமே கோளாறு தோன்றுகிறது என்று கண்டனர். மெதுவாகத் தட்டிப் பார்த்த நிபுணர்களுக்கு அது தோன்றவில்லை. தொழில் செய்பவரின் கைக்குள்ளேயே சான்று இருந்தது. முந்திய மாதிரி இயந்திரங்களில் மின்சாதனத் தடுப்புகள் இருந்தன. புதியதில் அவற்றை நீக்கிவிட்டு நிரலின்மீது முழு நம்பிக்கையையும் வைத்தார்கள் என்பதும் பின்னர் வெளியாயிற்று.

விளையாட்டு முறிந்தால் எவரும் சாவதில்லை. அந்த வேறுபாட்டை நாம் மறக்கவில்லை. ஆனால் எச்சரிக்கை என்பதன் அறம் இரண்டு இடத்திலும் ஒன்றே. ஒருவன் இன்னொருவனுக்கு ஆபத்தைச் சொல்லும்போது, தன் தோளிலிருந்த சுமையில் ஒரு பங்கைக் கேட்பவன் தோளுக்கு மாற்றுகிறான். அந்த மாற்றம் நியாயமாக வேண்டுமாயின் கேட்பவனுக்கு அச்சொல் விளங்க வேண்டும். விளங்கிய பின் அவனாற் செய்யக்கூடியது ஏதேனும் இருக்க வேண்டும். சொல்பவனும் தன்னாற் செய்யக்கூடியதைச் செய்து முடித்த பின்னரே சொல்லியிருக்க வேண்டும். 1202 என்ற எண்ணுக்குப் பின்னால் இவை யாவும் இருந்தன. 54இன் பின்னால் எதுவும் இல்லை. எமது மாணவனின் திரையில் ஏழாம் முறை எழும் சாளரத்தின் பின்னாலும் இல்லை. பொருளில்லாத எச்சரிக்கை கேட்பவனைக் காப்பதில்லை. சொன்னவனை மட்டுமே வழக்கிலிருந்து காக்கிறது. அதனோடு இன்னொரு தீமையும் செய்கிறது. மனிதனின் கவனம் அளவுள்ள பொருள். ஒரு நாளில் அவனிடம் உள்ள கவனத்தைக் காரணமின்றித் தின்பவன், அவன் பணப்பையில் கைவிடுபவனுக்கு அதிகம் வேறானவன் அல்லன்.

அப்படியானால் வழுவே இல்லாத பண்டத்தை நாம் கேட்கிறோமா? இல்லை, கேட்கவும் முடியாது. எந்த நிரலைக் கொடுத்தாலும் அது முடிந்து நிற்குமா, முடிவின்றி ஓடுமா என்று தீர்மானிக்கும் பொதுவழியொன்று இருக்கவே முடியாதென்பதை அலன் ரூரிங் 1936இலேயே நிறுவினார். வழு உண்டென்பதைச் சோதனை காட்டுமேயன்றி, இல்லையென்பதை ஒருபோதும் காட்டாது என்று எட்ஸ்கர் டைக்ஸ்ரா 1969இல் எச்சரித்தார். இலாப நோக்கம் ஒழிந்தால் வழுவும் ஒழிந்துவிடும் என்று சில தோழர்கள் பேசுவதை நாம் கேட்டிருக்கிறோம். அது ஆர்வத்தின் பேச்சு. கூலிக்கு எழுதினாலும் தொண்டாக எழுதினாலும் மனிதர் எழுதும் நிரலில் வழு இருக்கும்.

தமிழ் இலக்கணகாரர் இதனை அறிந்தவர்கள்போலவே மூன்று பாகுபாடு செய்தனர்: வழாநிலை, வழு, வழுவமைதி. பிழையெனினும் தக்க காரணமுண்டாயின் அமைத்துக்கொள்ளலாம் என்பது மூன்றாவது. பசுவை அன்பு மிகுதியால் தாயென்று அழைத்து உயர்திணையாற் பேசுபவனை இலக்கணம் தண்டிக்கவில்லை. உவகையென்ற காரணத்தை ஏற்று அமைத்துக்கொண்டது. காரணம் கேட்டார்கள் என்பதே இங்கு முக்கியம். காரணமில்லாத வழு வழுவாகவே நின்றது.

1980இல் ஜப்பானின் நம்கோ நிறுவனம் வெளியிட்ட பக்மான் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அதிலே எத்தனையாவது கட்டம் என்ற எண் எட்டு இருமங்களில் வைக்கப்பட்டது. எட்டு இருமத்தில் அடங்கும் மிகப்பெரிய எண் 255. ஆகவே 256ஆவது கட்டத்தை எட்டுபவனுக்குத் திரையின் வலப்பாதி எழுத்துக் குப்பையாகிவிடுகிறது. ஆட்டம் அதற்கு மேல் நகராது. 255 கட்டங்களை ஒருவன் கடந்து வருவான் என்று ஆக்கியோர் எண்ணியிருக்கவில்லை. அன்றைய இயந்திரங்களில் நினைவகமோ பொன்னைப்போல் அரியது. இதனை வழுவமைதி என்று ஏற்பதில் எமக்குத் தடையில்லை. ஆடுபவர்கள் அந்தக் கட்டத்தை ஒரு யாத்திரைத் தலம்போலப் போற்றுகிறார்கள்.

நாற்பது ஆண்டுகள் கழித்து நடந்ததைப் பார்ப்போம். போலந்தின் வார்சோ நகரத்து சீ.டி. புரொஜெக்ட் ரெட் நிறுவனம், 2012இல் அறிவித்த சைபர்பங்க் 2077 என்ற விளையாட்டைப் பலமுறை பிற்போட்டு 2020 டிசெம்பர் 10ஆந் திகதி வெளியிட்டது. பழைய தலைமுறைச் சாதனங்களில் அது முறிந்து முறிந்து விழுந்தது. விமர்சகர்களுக்கு வெளியீட்டின் முன் கொடுக்கப்பட்டதோ மேசைக் கணினிக்குரிய பிரதி. அந்தப் பழைய சாதனங்களுக்குரியது அல்ல. எட்டே நாளில் சோனி நிறுவனம் தன் பிளேஸ்டேசன் கடையிலிருந்து அதனை அகற்றிற்று. 2021 ஜூன் 21 வரை அது அங்கு மீளவில்லை. இருந்தும் 2020 முடிவதற்குள் ஒரு கோடியே 37 இலட்சம் பிரதிகள் விற்றிருந்தன. பிழையை மறைத்து முதலீட்டாளரை ஏமாற்றியதாகத் தொடுக்கப்பட்ட வழக்கை, 18 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு 2021 டிசெம்பரில் இணக்கஞ் செய்தனர். வழக்காடியவர்கள் பங்கு வாங்கியவர்கள். பண்டம் வாங்கியவர்கள் அல்லர் என்பதை வாசகர் குறித்துக்கொள்ள வேண்டும்.

2021 ஜனவரியில் அதன் இணைத்தாபகர்களுள் ஒருவரான மார்சின் இவின்ஸ்கி பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். முடிவுகளுக்குத் தாமும் இயக்குநர் சபையுமே பொறுப்பு, ஊழியர்களைக் குறைகூற வேண்டாம் என்று சொன்னது பாராட்டத்தக்கதே. ஆனால் வாங்கியோர் கண்ட பழுதுகளிற் பல சோதனையில் வெளிப்படவில்லை என்றும் அதே வாயாற் சொன்னார். சில நாட்களுள் புளூம்பேர்க் செய்தி நிறுவனம், அங்கு வேலை செய்த பலரை விசாரித்து வெளியிட்ட கட்டுரை வேறுகதை சொல்லிற்று. பழுதுகள் தெரிந்தே இருந்தன. திருத்த நேரம் இருக்கவில்லை. கட்டாய மேலதிக வேலை வாங்க மாட்டோம் என்று 2019இல் வாக்களித்திருந்த நிறுவனம், 2020 செப்டெம்பரில் வாரம் ஆறு நாள் வேலையென உத்தரவிட்டது. நத்தார்ப் பண்டிகையின் சந்தை காத்திருந்தது. இந்த வழுவுக்கும் காரணம் உண்டு. ஆனால் இலக்கணம் ஏற்கும் காரணம் அதுவன்று.

அவ்விளையாட்டு கைவிடப்படவில்லை. 2023 செப்டெம்பரில் வந்த இரண்டாம் பதிப்புடன் பலர் மெச்சும் நிலையை அடைந்தது. அப்படியாயின் முதல் நாளில் முழுவிலை கொடுத்தவன் மூன்றாண்டுக் காலம் யாராக இருந்தான்? அவன் வாங்குவோன் என்ற பெயரில் கூலியில்லாச் சோதகனாக இருந்தான். கூலிக்காரச் சோதகர் செய்ய வேண்டிய வேலை அவனுக்கு இறங்கியது. சோதகருக்கோ, கண்டது எழுதினாலும் திருத்தப்படாது என்ற விரக்தி மிஞ்சியது.

அச்சோதகர்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. விளையாட்டுத் தொழிலில் அவர்களே மிகக் குறைந்த சம்பளமும் மிகத் தற்காலிகமான நியமனமும் உடையவர்கள். ஒரே கதவை ஆயிரந் தடவை திறந்து மூடி, ஒரு தடவை முறிவதைக் கண்டு அறிக்கை எழுதுவது அவர்கள் தொழில். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் ரேவன் நிறுவனத்தின் சோதகர்கள், தம்முட் சிலரது ஒப்பந்தம் முறிக்கப்படுவதை எதிர்த்து 2021 டிசெம்பரில் வேலைநிறுத்தஞ் செய்தார்கள். 2022 மே மாதம் 19க்கு 3 என்ற வாக்குகளால் தொழிற்சங்கம் அமைத்தார்கள். 22 பேரின் வாக்கெடுப்புத்தானே என்று நகைக்கலாம். பண்டத்திலே உழைப்பாளியின் கை மறைந்து போகிறதென்று மார்க்ஸ் 1867இல் எழுதினார். பண்டம் முறியும்போது அந்தக் கை ஒரு கணம் வெளியே தெரிகிறது. எமது மாணவனோ திரையைப் பார்த்து, ‘ஆக்கிய மடையர்கள்’ என்று திட்டுகிறான். தன்னைப்போலவே நித்திரை முழித்துப் பழுது பார்த்த ஒருவரைத் திட்டுகிறோம் என்பது அவனுக்குத் தெரிவதில்லை.

வேறு சிலர் ஆக்கியோரையும் திட்டுவதில்லை, தம்மையே நொந்துகொள்கிறார்கள். ‘என் கணினி பழசு’, ‘எனக்கு விளங்கவில்லை’ என்பது கிராமப்புறப் பாடசாலைகளில் நாம் அடிக்கடி கேட்கும் வாக்கு. இதுவே மிகவும் கவலைக்குரியது. அறிவிப்புகள் யாவும் ‘உமது சாதனம்’, ‘உமது இணைப்பு’ என்ற தொனியில் எழுதப்படுவதன் பயன் இதுதான். பழுது எங்கேயென்று தெரியுமுன்னரே பழி எங்கேயென்று தீர்ப்பாகிவிடுகிறது.

சட்டம் இவ்விடயத்தில் மெல்ல விழிக்கிறது. பிரித்தானியா 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தில், விலைக்கு விற்கும் இலக்கமுறைப் பண்டமும் திருப்தியான தரத்தில் இருக்க வேண்டுமென்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டுப் பணிப்புரை 2022 ஜனவரி முதலாந் திகதி தொடக்கம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, கொடுத்த ஓராண்டுக்குள் குறை வெளிப்பட்டால் பண்டம் சரியாகவே இருந்தது என்று நிறுவும் பாரம் விற்றவனுடையது. வாங்கியவன் செய்ய வேண்டியது, குறை தன் கணினியிலா பண்டத்திலா என்று கண்டறிய இயன்றளவு ஒத்துழைப்பது. இந்தப் பங்கீடு எமக்கு நியாயமாகப் படுகிறது. அவனது ஒத்துழைப்பைக் கேட்கலாம். முழு வேலையையும் அவன்மீது இறக்கலாகாது. ஸ்ரீம் என்ற பெரிய விற்பனைத்தளம் 2015 ஜூனில் பணம் மீளளிக்கும் விதியொன்றைக் கொணர்ந்தது: வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் கேட்கலாம். அந்த இரண்டு மணியை ஆட்டத்தைத் திறந்து வைத்து அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்ப்பதிலேயே கழிப்பவன் உண்டு.

இங்கே ஒரு மறுப்பு எழும். விலையின்றிப் பகிரப்படும் கட்டற்ற மென்பொருட்களும் ‘உத்தரவாதம் எதுவுமில்லை’ என்றுதானே சொல்கின்றன? 1989இல் வெளிவந்த க்னூ பொது உரிமத்திலும் அவ்வாசகம் உண்டு. சொல் ஒன்றுதான், பொருள் வேறு. மூல நிரலைத் திறந்து கையிற் கொடுத்து, ‘பார், மாற்று, பிறர்க்கும் கொடு, ஆனால் என்னை வழக்குக்கு இழுக்காதே’ என்பவன் உண்மையில் தன் அதிகாரத்தையும் பகிர்ந்துவிட்டான். பூட்டிய பெட்டியை விலைக்கு விற்று, திறந்தால் குற்றம், பழுதானால் உன்பாடு என்பவன் பொறுப்பை மட்டும் பகிர்கிறான். முன்னவனின் பெட்டிக்குள் எமது மாணவன் நுழைந்து, அந்த ‘காட்டியாயிற்று’ என்ற குறிப்பை, முறிவுக்கு முன்னரே எழுதும்படி ஒரு வரியை மாற்றிவிடலாம். பின்னவனின் பெட்டிக்கு வெளியே நின்று, சாளரத்தை எட்டாம் முறை மூடலாம்.

விளையாட்டுத்தானே, வேண்டாமென்றால் விட்டுவிடலாமே என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உழைப்பாளிக்கு எட்டு மணி நேர ஓய்வு கேட்டுப் போராடிய இயக்கத்தின் வழிவந்தவர்கள் நாம். ஓய்வு அற்பமானதென்றால் அந்தப் போராட்டம் எதற்கு? இன்று பாடசாலைச் செயலிகளும் வங்கியின் செயலிகளும் அரசாங்கத்தின் விண்ணப்பப் படிவங்களும் இதே பழக்கத்துக்கு வந்துவிட்டன. பொருளற்ற அறிவிப்பை மூடிவிட்டு மறுபடி முயல்வதற்கு ஒரு தலைமுறை விளையாட்டிலேயே பழக்கப்பட்டுவிட்டது.

எமது மாணவர்களுக்கு நாம் சொல்லி வருவது இது. பழுதைக் கண்டால் திட்டி எழுதாதே, அறிக்கை எழுது. எந்தப் பதிப்பு, எந்தக் கணினி, முறிவதற்கு முன் என்ன செய்தாய், எத்தனை தடவையில் எத்தனை தடவை முறிந்தது, எதை மாற்றினாய், மாற்றியதனால் என்ன நடந்தது என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுது. பணம் மீளக் கிடைக்க வேண்டுமானால் அதையும் தெளிவாகக் கேள், கெஞ்சாதே. அந்த அறிக்கையைத் திறக்கும் சோதகர், அநேகமாக, அதே வழுவை வெளியீட்டுக்கு முன்னரே எழுதிக் கொடுத்துப் பதில் கிடைக்காதிருப்பவராக இருப்பார். வெளியிலிருந்து அதே வழு நூறு கைகளால் எழுதப்பட்டு வரும்போது, அடுத்த கூட்டத்தில் அவர் தமது பழைய அறிக்கையை மேசைமீது வைக்கலாம்.